அலங்கத்தைத் துளைத்த புழு



கறையான் அரித்த கதவு நிலையையும் வண்டு துளைத்த உத்தரத்தையும் நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். கடல்நீருக்குள் நிற்கும் மரத்தைத் துளைத்துத் தின்னும் ஓர் உயிரினமும் உண்டு. கறையான் வீட்டில் செய்வதை அது கடலில் செய்கிறது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது ஒல்லாந்து தேசத்தின் கடலணைகளைத் துளைத்தது. தேசம் நடுங்கியது. சபைகள் ஜெபத்துக்குக் கூடின. பிரசங்க பீடங்களிலிருந்து பல வார்த்தைகள் புறப்பட்டன. அவற்றுள் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவையும் உண்டு. அஞ்சி விலக வேண்டியவையும் உண்டு. அந்த வரலாற்றை இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

கடலுக்குள் ஒரு கறையான்

இதைக் கப்பல்புழு என்பார்கள். பெயர் புழுவானாலும் இது உண்மையில் புழு அன்று. சிப்பியின் இனத்தைச் சேர்ந்தது. சிப்பிக்கு உடலை மூடும் இரு ஓடுகள் உண்டல்லவா? இதற்கு அந்த ஓடுகள் மிகச் சிறியனவாகி, தலைப்பகுதியில் மட்டும் அமைந்திருக்கின்றன. அவற்றின் விளிம்பு அரம்போன்றது. அந்த அரத்தால் இது மரத்தைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறுகிறது. சுரண்டிய மரத்தூளையே உணவாகவும் கொள்ளுகிறது. மரத்தைச் செரிப்பதற்கு, இதன் செவுள்களில் வாழும் நுண்ணுயிரிகள் துணைபுரிகின்றன.

குஞ்சாக இருக்கும்போது இது கண்ணுக்குப் புலப்படாத அளவில் நீரில் மிதந்து வந்து மரத்தில் ஒட்டிக்கொள்ளும். அது உள்ளே நுழையும் வாசல் ஒரு குண்டூசித் தலையளவே இருக்கும். உள்ளே சென்றபின் உடல் வளரும். உடலோடு துளையும் பெருகும். தான் குடைந்த வழியெங்கும் சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக்கொள்ளும். ஒரே மரத்துக்குள் நூற்றுக்கணக்கானவை இருந்தாலும் ஒன்றின் வழியை மற்றொன்று குறுக்கே வெட்டுவதில்லை. மரம் தேன்கூடுபோல் ஆகும்வரை ஒதுங்கி ஒதுங்கியே குடையும். வெளியே நின்று பார்ப்பவனுக்கோ மரம் திடமாகவே தோன்றும். சில ஊசித்துளைகளைத் தவிர வேறு அடையாளம் இராது. அலை ஒன்று ஓங்கி அடிக்கும்போதுதான் உண்மை தெரியவரும்.

மாலுமிகள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். கொலம்பஸ் தம் நான்காவது பயணத்தில் நான்கு கப்பல்களோடு புறப்பட்டார். புழு அரித்ததால் கப்பல்களைக் கைவிட நேர்ந்தது. எஞ்சிய இரண்டும் நீர் புகுந்து மூழ்கும் நிலையில் 1503-ல் ஜமைக்கா தீவின் கரையில் ஏற்றப்பட்டன. உதவி வந்து சேரும்வரை ஓராண்டுக் காலம் அவரும் அவருடைய ஆட்களும் அங்கேயே தங்க நேர்ந்தது. புயலுக்கும் எதிரிக்கும் தப்பிய கப்பல்களை இந்தச் சிறிய உயிர் வீழ்த்தியது.

தூண்கள் முறிந்த காலம்

ஒல்லாந்து தேசத்தில், அதாவது இன்றைய நெதர்லாந்தில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அணை இல்லையென்றால் அந்த வயல்களும் இல்லை, ஊர்களும் இல்லை, ஆலயங்களும் இல்லை. ஆகையால் அணையைப் பேணுவது அங்கே ஒவ்வொருவருடைய கடமையாக இருந்தது. தனக்குரிய அணைப்பகுதியைக் காக்க மனமில்லாதவன் நிலத்தை விட்டு விலகவேண்டும் என்பது வடகடற்கரை மக்களிடையே வழங்கிவந்த பழமொழி.

அக்காலத்துக் கடலணைகள் மண்ணால் எழுப்பப்பட்டவை. அலை மோதும் பக்கத்தில், பல இடங்களில், கடற்புல்லை அடுக்கி அமுக்கிச் சுவர்போல் அமைத்திருந்தார்கள். அந்தச் சுவரையும் அணையின் அடியையும் தாங்கிப் பிடிப்பதற்காக மரத்தூண்களை வரிசையாக அறைந்திருந்தார்கள். நார்வேயிலிருந்தும் பால்டிக் கரைகளிலிருந்தும் அவர்களுக்கு மரம் வந்தது. கண்ணுக்குத் தெரிந்த வரையில் அது உறுதியான காவல்.

அவர்கள் வெள்ளத்தின் கொடுமையை அறியாதவர்களும் அல்லர். 1717-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் எழுந்த புயல்வெள்ளத்தில் நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கடற்கரைகளில் ஏறத்தாழ 14,000 பேர் மாண்டுபோனார்கள். அதை நேரில் கண்டவர்கள் உயிரோடிருந்த காலத்திலேதான் இந்தப் புழு வந்தது.

1730-ல் சேலந்து மாகாணத்தின் வால்கெரன் தீவில் அணைத்தூண்கள் முறிந்து விழுந்தன. முறிந்த இடத்தைப் பார்த்தவர்கள் உள்ளே தேன்கூடுபோல் துளைகள் இருப்பதைக் கண்டார்கள். 1731-ல் மேற்கு ஃப்ரீஸ்லாந்தின் அணைகளிலும் அதே கேடு வெளிப்பட்டது. நேற்றுவரை திடமாக நின்ற தூண்கள் அலைக்குத் தாங்காமல் ஒடிந்தன. எந்தத் தூண் நல்லது, எந்தத் தூண் வெறும் கூடு என்று வெளியே நின்று யாராலும் சொல்ல முடியவில்லை. அச்சத்துக்கு அதுவே காரணம்.

இந்தப் புழுவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் தொலைதூரக் கடல்களிலிருந்து கொண்டுவந்தன என்று அன்று பலர் நம்பினார்கள். அதே கம்பெனிதான் அந்நாட்களில் நம்முடைய நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கோட்டை கொண்டிருந்தது. உலகத்தின் செல்வத்தையெல்லாம் வாரிக்கொண்டுவந்த கப்பல்களே வீட்டுச் சுவரைத் தின்னும் பூச்சியையும் கொண்டுவந்தன என்ற எண்ணம் அந்த மக்களின் மனச்சாட்சியைக் குத்தியிருக்க வேண்டும்.

பிரசங்க பீடம் சொன்னது

அரசாங்கம் ஜெப நாட்களை அறிவித்தது. கடைகளை அடைத்துவிட்டு ஜனங்கள் ஆலயங்களில் கூடினார்கள். ஒரு தேசம் ஆபத்து நாளில் கர்த்தருக்கு முன்பாகத் தன்னைத் தாழ்த்துவது நல்லது. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. போதகர்களில் பலர் பெருமை, ஆடம்பரம், பொருளாசை, ஓய்வுநாளை அசட்டைபண்ணுதல் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி, சபையார் எல்லாரும் மனந்திரும்பும்படி அழைத்தார்கள். கர்த்தர் பெரிய தேசத்தைத் தாழ்த்துவதற்குப் பெரிய சேனையை அனுப்பத் தேவையில்லை, ஓர் அற்பமான பூச்சி போதும் என்று பிரசங்கித்தார்கள்.

ஆயினும் வேறொரு குரலும் எழுந்தது. 1730-ல் உத்ரெக்ட் நகரில் தொடங்கி, ஆணோடு ஆண் உறவு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை மாகாணம் மாகாணமாகப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மீது வழக்குத் தொடரப்பட்டது; பலர் ஊரைவிட்டு ஓடினார்கள்; பலர் கொல்லப்பட்டார்கள். க்ரோனிங்கன் மாகாணத்தில் ஃபான் என்ற சிற்றூரில் எழுந்த வழக்கில் 1731 செப்டம்பர் 24 அன்று ஒரே நாளில் 22 பேர் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டனர். அவர்களில் பதின்ம வயதுச் சிறுவர்களும் இருந்தார்கள். அந்த வழக்கில் சித்திரவதையால் வாக்குமூலங்கள் பெறப்பட்டன.

இந்த விசாரணைகள் புழுவைப் பற்றிய செய்தி பரவுவதற்கு முன்பே தொடங்கிவிட்டன. புழுவால் அவை உண்டாகவில்லை. ஆனால் அணைகள் ஆடத் தொடங்கியபோது, சிலர் இரண்டையும் ஒரே நூலில் கோத்துவிட்டார்கள். இந்த மனிதரின் பாவத்தினிமித்தமே தேசத்தின்மேல் புழு வந்தது என்று எழுதினார்கள், பிரசங்கித்தார்கள். கேட்ட ஜனங்களுக்கு அது ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டதல்லவா? அவன் நாம் அல்ல, வேறொருவன்.

அன்பானவர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பாவத்தைக் குறித்துச் சபை என்ன போதிக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. ஆபத்தில் நடுங்கும் ஜனக்கூட்டத்துக்கு முன்பாக ஒரு சிலரைக் காட்டி, “இவர்களால்தான்” என்று சொல்லுவது முற்றிலும் வேறான காரியம். ஃபான் வழக்கில் எரிக்கப்பட்ட சிறுவர்கள் எந்தத் தூணிலும் ஒரு துளையும் இடவில்லை. அவர்கள் மாண்டபின் புழு நிற்கவும் இல்லை. அதே ஆண்டில்தான் மேற்கு ஃப்ரீஸ்லாந்தின் தூண்கள் முறிந்தன. அடுத்த ஆண்டுகளிலும் முறிந்துகொண்டே இருந்தன. அவர்களுடைய மரணத்தால் ஒரு தூணும் காக்கப்படவில்லை.

ஆராய்ந்தவர்களும் கட்டியவர்களும்

அதே நாட்களில் வேறு சிலர், முறிந்த மரத்துண்டை மேசைமேல் வைத்துக் கவனமாகப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உத்ரெக்டில் வாழ்ந்த கோட்ஃப்ரீட் செல்லியுஸ் என்ற அறிஞர் 1733-ல் இந்த உயிரினத்தைக் குறித்து லத்தீன் மொழியில் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். இது புழுவல்ல, சிப்பியின் உறவு என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தேசம் முழுவதும் இதைச் சாபத்தின் அடையாளமாகக் கண்டபோது, அவர் இதைச் சிருஷ்டியின் ஓர் உறுப்பாகக் கண்டு, அது எப்படி வாழ்கிறது என்று கேட்டார்.

பின்னாட்களில் இன்னொரு உண்மையும் தெரியவந்தது. இந்த உயிரினத்துக்கு உப்புநீர் தேவை. மழை குறைந்து ஆறுகளில் நன்னீர் வற்றும் ஆண்டுகளில், கரையோர நீரின் உப்பு மிகுந்துவிடும். அப்போது இது பெருகும். நெதர்லாந்தின் அறிவியல் கழகம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைத்த குழு, புழு பெருகிய காலங்களையும் மழை பொய்த்த காலங்களையும் ஒப்பிட்டு இந்தத் தொடர்பைக் கண்டது.

மரத்தைக் காப்பாற்ற முயன்றவர்கள் பலர். நஞ்சு பூசினார்கள், தார் பூசினார்கள், அகன்ற தலையுள்ள இரும்பாணிகளை நெருக்கமாக அறைந்து தூணுக்குக் கவசம்போல் ஆக்கினார்கள். இவற்றுக்குச் செலவு மிகுந்தது, பலன் குறைந்தது. அப்பொழுது பீட்டர் ஸ்த்ராத், பீட்டர் வான் டெர் டேயுரே என்ற இருவர் 1733-ல் ஒரு புதிய திட்டத்தை வெளியிட்டார்கள். மரத்தை எப்படிக் காப்பது என்ற கேள்வியையே அவர்கள் விட்டுவிட்டார்கள். மரமே இல்லாமல் அணை கட்டினால் என்ன என்று கேட்டார்கள். கடலை எதிர்த்துச் செங்குத்தாக நிற்கும் சுவருக்குப் பதிலாக, மெல்லச் சரிந்து கடலுக்குள் இறங்கும் மண்மேடு, அதன்மேல் கற்கள். அலை அதில் மோதி உடைவதில்லை. ஏறி ஓய்ந்து திரும்பிவிடும். புழுவுக்கோ கல்லில் வேலையில்லை.

ஆனால் அது கல் இல்லாத தேசம். கற்களை நார்வே போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. உள்நாட்டில் த்ரெந்தே மாகாணத்தில் பெரும்பாறைகள் கிடந்தன. அங்கே ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மக்கள், தங்கள் மரித்தோருக்கென்று பெருங்கற்களை அடுக்கி எழுப்பிய கல்லறைகளும் இருந்தன. கல்லின் விலை ஏறவே அந்தக் கல்லறைகளையும் உடைத்து விற்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்க த்ரெந்தே ஆட்சியாளர் 1734 ஜூலை 21 அன்று ஆணை பிறப்பித்தார்கள். தொன்மைச் சின்னங்களைக் காக்க ஐரோப்பாவில் இயற்றப்பட்ட மிகப் பழைய சட்டங்களுள் அதுவும் ஒன்று. நெதர்லாந்தில் இன்றும் அப்படிப்பட்ட 54 கல்லறைகள் நிற்கின்றன. தங்கள் பிள்ளைகளைக் காக்கும் அவசரத்தில், தாங்கள் அறியாத மூதாதையரின் கல்லறைகளை உடைக்கலாகாது என்று ஒரு சிறிய மாகாணம் தீர்மானித்தது. அந்த அச்சத்தின் நாட்களிலும் அப்படி நிதானித்தவர்கள் இருந்தார்கள் என்பதை நினைக்க மனம் மகிழ்கிறது.

கல்லணைகள் ஒரே நாளில் எழும்பவில்லை. பல்லாண்டுகள் வரி செலுத்தி, கல் சுமந்து, பகுதி பகுதியாகக் கட்டினார்கள். பழைய மரவேலியை நம்பியிருந்தால் என்றோ அழிந்திருக்கக்கூடிய நிலம் காக்கப்பட்டது.

இந்த உயிரினத்தின் கதையில் இன்னும் ஒன்று உண்டு. சர் மார்க் இசம்பார்ட் புரூனல் என்ற பொறியாளர், கப்பல்புழு தலையால் குடைந்துகொண்டே பின்புறத்தைப் பூசி உறுதிப்படுத்துவதைக் கவனித்தார். அதிலிருந்தே ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் கவசக் கருவியை அவர் உருவாக்கினார் என்பார்கள். 1818-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். லண்டனில் தேம்ஸ் நதியின் கீழே 1825-ல் தொடங்கிய சுரங்கம் 1843-ல் திறக்கப்பட்டது. இன்றும் அதில் ரயில் ஓடுகிறது. சென்னை நகரத்தின் அடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் குடைந்த பெரும் இயந்திரங்களும் அந்தக் கருவியின் வழிவந்தவையே. ஒரு தலைமுறை சாபம் என்று அஞ்சிய உயிரிடத்தில் மற்றொரு தலைமுறை பாடம் கற்றது.

வேதம் காட்டும் வழி

இனி வேதத்தினிடத்துக்குத் திரும்புவோம். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்ட செய்தியை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் அதிகக் குற்றவாளிகளா என்ற கேள்வியை நம்முடைய ஆண்டவரே எழுப்பி, அப்படியல்ல என்று அவரே பதிலும் உரைத்தார். பின்பு கேட்டுக்கொண்டிருந்தவர்களைத் தங்களைக் குறித்தே மனந்திரும்பும்படி அழைத்தார். மாண்டவர்களின் பாவத்தை எண்ணிப் பார்ப்பதற்கு அவர் இடங்கொடுக்கவில்லை.

கர்த்தர் தாமே ஒரு புழுவை ஆயத்தப்படுத்திய சம்பவமும் வேதத்தில் உண்டு. யோனாவின் புஸ்தகம் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நினிவேயின் ஜனங்கள் தப்பிப்போனதற்காக ஒரு தீர்க்கதரிசி எரிச்சலடைந்து, நகரத்துக்கு என்ன நேரிடும் என்று பார்க்கக் காத்திருந்தான். கர்த்தர் அனுப்பிய பூச்சி நினிவேயின் மதிலைத் துளைக்கவில்லை. பிரசங்கியாரின் தலைக்கு நிழலாயிருந்த ஆமணக்குச் செடியை அரித்தது. பிறருடைய அழிவுக்காகக் காத்திருந்தவனுக்கு இரக்கத்தைக் கற்றுக்கொடுக்க அந்தப் புழு வந்தது. எந்தப் புழுவையும் கர்த்தரின் தூதனாக்கிப் பேசத் துணிகிற போதகர் யாவரும், நான் உட்பட, இந்த அதிகாரத்தை முதலில் வாசிக்க வேண்டும்.

அப்படியானால் அலங்கம் இடிந்துகிடக்கும்போது தேவபிள்ளை செய்ய வேண்டியது என்ன? நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் இடிபட்ட செய்தி வந்தபோது அவர் அழுது, உபவாசித்து, ஜெபித்தார். அந்த ஜெபத்தில் அவர் பாவத்தை அறிக்கையிடும்போது தன்னையும் தன் தகப்பன் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டார். பிற்பாடு எருசலேமுக்கு வந்து, இராக்காலத்தில் சில பேரோடு எழுந்துபோய், அலங்கம் எங்கெங்கே இடிந்திருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்தார். அதன்பின் ஒவ்வொரு குடும்பமும் தனக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டும்படி வேலை நடந்தது. ஜெபமும் பண்ணினார்கள்; காவலும் வைத்தார்கள். அறிக்கை, ஆராய்வு, கட்டுதல் என்ற இம்மூன்றில் ஒன்றையும் அவர் விடவில்லை.

ஒல்லாந்து தேசத்திலும் இம்மூன்றும் நடந்தன என்பதை நாம் நன்றியோடு நினைக்கலாம். தன்னைத் தாழ்த்தி ஜெபித்தவர்கள் இருந்தார்கள். மரத்தைப் பிளந்து ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள். கல் சுமந்து கட்டினவர்கள் இருந்தார்கள். கேடு உண்டானது எங்கே? ஜெபம் விரலாக மாறி அயலானைச் சுட்டிக்காட்டிய இடத்தில். கடல் கொண்டுபோகாத உயிர்களை மனிதரே கொண்டுபோனார்கள்.

ஆழிப்பேரலை நம் கரைகளை அடித்தபோதும், பெருந்தொற்று நம் வீதிகளை வெறிச்சோடச் செய்தபோதும், “யாருடைய பாவத்தினால் இது வந்தது?” என்ற கேள்வி நம் நடுவிலும் எழுந்தது. இனியும் எழும். அந்தக் கேள்வி உங்களிடத்தில் வரும்போது, ஃபான் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்கு எதிரேயிருக்கும் அலங்கத்தின் பகுதியைப் போய்ப் பாருங்கள்.

அங்கே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. குடும்பங்களிலும் சபைகளிலும் வெளித்தோற்றம் திடமாகவே நிற்கும். ஆராதனை நேரம் தவறாது, கணக்குப் புத்தகம் தவறாது, காணிக்கை குறையாது. உள்ளே ஊசித்துளையளவு வாசல் வழியாக நுழைந்த கசப்பு ஒன்று ஆண்டாண்டாய் வளர்ந்துகொண்டிருக்கலாம். பேசாமல் விட்ட ஒரு மனத்தாங்கல், திருப்பிக்கொடுக்காத ஒரு கடன், மறைத்து வைத்த ஒரு பொய். புயல் வரும் நாளில் புயலைக் குற்றஞ்சொல்லுவோம். தூணைத் தட்டிப்பார்க்க வேண்டிய நாளோ அமைதியான இந்த நாள்தான்.

சில தூண்களுக்கு நஞ்சு பூசிப் பயனில்லை என்பதையும் அந்த இரு பீட்டர்கள் நமக்குக் கற்றுத்தருகிறார்கள். பழைய வேலியை விட்டுவிட்டு வேறொரு பொருளால் கட்ட வேண்டிய காலமும் உண்டு. அது செலவு மிகுந்தது. ஒரு தலைமுறையில் முடியாமலும் போகலாம். ஆயினும் நம் பிள்ளைகள் குடியிருக்கப்போவது அந்த அணையின் பின்னேதான்.

இந்த வாரத்தில் கர்த்தர் நமக்கு நம்முடைய அலங்கத்தைக் காணும் கண்களையும், அயலாரின்மேல் இரங்கும் இருதயத்தையும், கட்டுவதற்குப் பெலனுள்ள கைகளையும் தந்தருளுவாராக. ஆமென்.